பயந்தவள் மறித்த வாசல்

என் மகன் சுதாகருக்கு,

நேற்று மத்தியானம் நீ போன் பேசி வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பா என் தட்டைப் பார்த்துவிட்டு, "என்னவாம் அவனுக்கு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க, வேலையில ஏதோ பேச்சாம்" என்று மழுப்பினேன். அவரிடம் எதை மறைத்து நான் வென்றிருக்கிறேன்? சாயங்காலம் தேத்தண்ணி குடிக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றார். அதற்குப் பிறகுதான் உனக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். உன் தங்கச்சி கவிதா இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. தேயிலைக் கொழுந்து பறித்த விரல்கள் பேனாவைப் பிடிக்கும்போது இப்படித்தான் வரும்.

நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா பார். நுவரெலியாவில் நீ சுப்பர்வைசராக நிற்கிற அந்த ஓட்டல் கட்டட வேலையில், பின்பக்கத்து மலையை நேராக வெட்டிவிட்டிருக்கிறார்கள். மண்ணைத் தாங்குகிற சுவர் இன்னும் எழும்பவில்லை. விடாமல் மழை பெய்து மண் ஊறிக் கிடக்கிறது. அந்த வெட்டுக்கு அடியில் ஆட்களை இறக்கி அத்திவாரம் தோண்டச் சொல்கிறார் கொந்தராத்துக்காரர். உனக்குப் பயமாக இருந்தது, சொன்னாய். அவர் ஆட்கள் முன்னாலேயே சிரித்து, "பயமா இருந்தா போய் அம்மா மடியில படுத்துக்க" என்றாராம். திங்கட்கிழமை ஆட்கள் இறங்கியாக வேண்டும், உன்னால் முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாராம். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. இதுதானே விசயம்?

அவர் மடியைப் பற்றிச் சொன்னதற்கு நீ வெட்கப்பட்டாய் போலிருக்கிறது. குரலிலேயே தெரிந்தது. எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. உன் கண் முன்னால் அங்கே மண்வெட்டி பிடிக்கிற ஒவ்வொருவனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். ஏதாவது ஆகிவிட்டால் அவள் முன்னால் போய் நிற்க அந்த மனுசன் வரமாட்டார். உன்னைத்தான் அனுப்புவார்.

போனை வைப்பதற்கு முன்னால், "அன்னிக்கு நீங்க எப்படிம்மா அவ்வளவு தைரியமா நின்னீங்க?" என்று கேட்டாய். நீ கேட்டதே பிழை, மகனே. நான் அன்றைக்குத் தைரியமாக நிற்கவில்லை. பயந்துபோய் நின்றேன். அந்தக் கதையை நீ சின்ன வயதில் மற்றவர்கள் வாயால்தான் கேட்டிருக்கிறாய். என் வாயால் இப்போது கேள்.

பிறந்ததிலிருந்தே நான் பயந்தவள். அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம். கந்தப்பளை வளைவில் பஸ் திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்வேன். தோட்டத்து மேனேஜர் பெரிய தொரையின் ஜீப் சத்தம் கேட்டால், ஒரு தப்பும் செய்யாமலே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எனக்கு வைத்த பேரே 'பயந்தாங்கொள்ளி'. உன் அப்பா அதற்கு நேர் எதிர். காற்று அடிக்கிற நேரத்தில் டர்பன்டைன் மரத்து உச்சியில் ஏறிக் கிளை வெட்டுவார். நாய் பிடிக்க லயத்துக்குப் பின்னால் வந்த சிறுத்தையை ஒற்றை ஆளாகத் தகரத்தைத் தட்டிக்கொண்டே விரட்டினவர். தோட்டம் முழுக்க அவரைப் 'புலி வெரட்டுன ஆளு' என்றுதான் சொல்லும். அந்தப் பேரும் இந்தப் பேரும் ஒரே காம்பராவில் குடித்தனம் செய்ததைச் சனங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் என் பயத்தை நான் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் உன் பெரியம்மா ராசாத்தி.

என் அக்காவைப் பற்றி உங்களிடம் நான் அதிகம் பேசியதில்லை. 'மண்சரிவில் போயிட்டா' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். போன விதத்தைச் சொன்னதில்லை. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காவை ராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்குக் கொஞ்சம் ஒத்தாசையாக இருக்கட்டும் என்று நான் போய்த் தங்கியிருந்தேன். இப்போது உங்கள் பக்கம் பெய்கிறதே, அதே மாதிரி மழை. வேலை நிறுத்தியிருந்தார்கள். பகல் நேரம். நான் லயத்துக்கு எதிரே பீலியில் விழுகிற தண்ணீரில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே இருந்து ஓடி வந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"பின்னால சத்தம் கேக்குதுடி. கல்லு கொட்டுற மாதிரி இருக்கு" என்றாள்.

அந்த வரிசையில் பெண்கள் எல்லாரும் வாசலில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள். "மழைச் சத்தத்துக்கு ஓடுறா பாருங்கடி! அடுப்புல பருப்பு கருகுது, போய்ப் பாரு தாயி!" எல்லாரும் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் வெட்கம் வந்து சிரித்துவிட்டாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பி உள்ளே போனாள். நான் அடுத்த பாத்திரத்தை எடுப்பதற்குள் பின்மேடு இறங்கிவிட்டது. அவளுடைய காம்பராவும் பக்கத்துக் காம்பராவும் இருந்த இடத்தில் சிவந்த சேறுதான் இருந்தது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் கடைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள்.

சிரித்த பெண்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள்தான் முதலில் ஓடிப் போய்க் கையாலேயே மண்ணைத் தோண்டினார்கள். நகம் பிய்ந்து இரத்தம் வரத் தோண்டினார்கள். சிரித்தவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளை நான் வெறுக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் அன்றைக்கு என் மண்டையில் ஏறியது. அக்காவிடம் இரண்டு பயம் இருந்தது. ஒன்று மண் விழுமோ என்ற பயம். அது அவளை வெளியே கொண்டுவந்தது. மற்றது நாலு பேர் சிரிக்கிறார்களே என்ற பயம். அது அவளைத் திரும்ப உள்ளே அனுப்பியது. பயம் இல்லாத ஆள் உலகத்தில் கிடையாது, மகனே. ஆனால் எந்தப் பயத்தின் பேச்சைக் கேட்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. உன் பெரியம்மா தைரியம் இல்லாததால் சாகவில்லை. தைரியசாலி மாதிரி காட்டிக்கொள்ள வேண்டியிருந்ததால் செத்தாள்.

இனி நம் தோட்டத்துக் கதைக்கு வருகிறேன். நீ அப்போது ஆறாம் வகுப்பு. நான் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருந்தேன். தாய்மார் கொழுந்துக்குப் போகும் முன் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்கள். பால் கரைத்துக் கொடுத்து, தொட்டிலில் ஆட்டி, சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது. அட்டை இல்லை, மழையில் நனைய வேண்டியதில்லை, குழந்தைகளுக்கு நான் பயந்தவள் என்று தெரியாது.

அந்த வருசத்து மழையில் ஒரு நாள் பிள்ளைக் காம்பராக் கதவு சாத்த முடியாமல் போயிற்று. மரம் ஊதியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் பின்பக்க வடிகால் கானில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. எனக்குள்ளே ஏதோ இழுத்தது. குழந்தைகள் தூங்குகிற நேரமாகப் பார்த்து, சமையலுக்கு உதவிக்கு இருந்த பெண்ணை உட்கார வைத்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு பின்மேட்டில் ஏறினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நிலம் வெடித்திருந்தது. ரொட்டியைப் பிய்க்கும்போது வாய் பிளக்குமே, அந்த மாதிரி, குறுக்காக நீளமாகப் போயிருந்தது. உள்ளே கையை விட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஓடி வந்துவிட்டேன்.

வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் ஆபீசில் சொன்னார். பொய் சொல்லக்கூடாது, சொன்னார்தான். மழை விட்டதும் ஆள் வந்து பார்க்கும் என்று பதில் வந்ததாம். மழை விட்டதும்! மழையில் விழப் போகிற மேட்டை மழை விட்டதும் பார்ப்பார்களாம். மறுநாள் காலை வழக்கம்போலத் தாய்மார் குழந்தைகளோடு வந்தார்கள். நான் வாசற்படியில் நின்றுகொண்டேன்.

"இன்னிக்கு ஒரு புள்ளையையும் உள்ள விட மாட்டேன். மேட்டுல வெடிச்சிருக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

பெரிய சண்டை. யாரைக் குறை சொல்வது? குழந்தையை விட இடம் இல்லாவிட்டால் அன்றைய வேலை போச்சு. புஷ்பத்தை உனக்குத் தெரியும், கோயில் பக்கத்து லயத்தில் இருக்கிறாளே, அவள். அப்போதுதான் அவளுக்குப் பிள்ளை பிறந்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள். "ஒனக்குப் பயம்னா நீ வெளிய நில்லு. எம் புள்ளைய உள்ள விடு!"

"விடுறேன் புஷ்பம். நீயும் வா. உள்ள வந்து சாயங்காலம் வரைக்கும் புள்ளையோட உக்காரு. நீ உக்காந்தா நானும் உக்காருறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கூரைக்கு மேலே தெரிகிற மேட்டைப் பார்த்தாள். என்னைக் கண்டபடி திட்டிவிட்டுக் குழந்தையோடு திரும்பிப் போனாள். உள்ளே மட்டும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்தது. சத்தம் கேட்டதுமே எனக்கு முழங்கால் ஆடத் தொடங்கிவிட்டது. நான் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்து நின்றேன் என்று தோட்டத்தில் கதை சொல்கிறார்களே, உண்மை என்ன தெரியுமா? கையை எடுத்தால் விழுந்துவிடுவேன் என்றுதான் இரண்டு பக்கத்து நிலையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்க்கிறவர்களுக்கு அது மறித்த மாதிரி இருந்திருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். வாசல் மறிபட்டதா இல்லையா?

தொரை இறங்கி வந்தார். "யார் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினது?"

"நான்தாங்க."

"ஏன்?"

"பயமா இருக்குங்க தொரை."

"பயமா? நீ என்ன இன்ஜினியரா?"

"இல்லைங்க."

"அப்போ இது விழும் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. விழாதுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

அவர் முகம் சிவந்துவிட்டது. கணக்கப்பிள்ளை அவருக்குப் பின்னால் நின்று கையைக் காட்டிக் காட்டி என்னை வாயை மூடச் சொன்னார். "பயமா இருக்கு என்று சொல்லி வேலையை நிறுத்த முடியுமா?" என்று தொரை கத்தினார்.

"முடியும்ங்க. நிறுத்திட்டேன்ல" என்றேன்.

இதைத்தான் நீங்கள் தைரியம் என்று சொல்கிறீர்கள். அதைச் சொல்லும்போது என் பல் தந்தியடித்தது. பயம் போய்விட்டால் பேசலாம் என்று காத்திருந்திருந்தால் இன்றைக்கும் வாய் திறந்திருக்க மாட்டேன். அது போகவே இல்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் பேசினேன்.

அன்று சாயங்காலம் உன் அப்பா வீட்டுக்கு வந்தபோது கூடவே ஒரு புயலும் வந்தது. நீயும் கவிதாவும் மூலையில் ஒண்டிக்கொண்டீர்கள், நினைவிருக்கும். "லயமே சிரிக்குது. புலி வெரட்டுனவன் பொண்டாட்டி மழைக்குப் பயந்து புள்ளைக் காம்பராவ மூடிட்டாளாம். எங்க போய் நான் மூஞ்சியக் காட்டுறது?" என்றார். "நீங்க ஒருக்கா மேல ஏறிப் போய்ப் பாருங்க" என்றேன். "நான் எதுக்குப் பாக்கணும்? எனக்கென்ன பயமா?" என்றார்.

ஆனால் விடிந்ததும் என்னிடம் சொல்லாமல் எழுந்து போயிருக்கிறார். அங்கே ஒன்றுமில்லை என்று எனக்குக் காட்டத்தான் போயிருக்கிறார். திரும்பி வந்தவர் முழங்கால் வரை சேறு. காலைக் கழுவுகிறார், கழுவுகிறார், கழுவிக்கொண்டே இருக்கிறார். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தேத்தண்ணியை ஆறவிட்டு நான் பார்த்ததில்லை.

"தோள் வரைக்கும் கைய விட்டேன். அடி தெரியல்ல. உள்ளுக்குத் தண்ணி ஓடுற சத்தம் கேக்குது புள்ள" என்றார்.

பிறகு பெரட்டுக்குப் போனோம். தினமும் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற அந்தக் களத்தில் அன்றைக்கு வழக்கத்தை விடக் கூட்டம். கணக்கப்பிள்ளை என் பேரைக் கூப்பிடவே இல்லை. "புள்ளைக் காம்பராவுக்கு இன்னிக்கு வேற ஆயம்மா வேணும். யார் வர்றா?" என்று கேட்டார். ஒருத்தரும் பேசவில்லை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்படியும் ஒருத்தி கை தூக்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். வெயில் படாத, மழை படாத வேலை, யாருக்குத்தான் ஆசை இருக்காது? அந்த நேரத்தில் நான் எவ்வளவு தனியாக நின்றேன் என்பதை உனக்கு எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. தொரை முன்னால் நின்றதைவிட அதுதான் கொடுமை. முதல் ஆள் பேசிவிட்டு, இரண்டாவது ஆள் வாய் திறக்கும் வரைக்கும் இருக்கிறதே, அந்த இடைவெளிதான்.

அப்போது உன் அப்பா ஆண்கள் வரிசையிலிருந்து முன்னால் வந்தார்.

"கணக்கப்பிள்ளை, எனக்கும் பயமா இருக்குங்க."

களம் முழுக்கச் சிரித்தது. விசில்கூட அடித்தார்கள். அவர் அடங்கும் வரைக்கும் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "சிரிச்சு முடிச்சிட்டீங்களா? சிறுத்தைய வெரட்டுனப்ப எனக்குப் பயமில்ல. தகரம் தட்டுனா அது ஓடிரும்னு தெரியும். இது ஓடாது. நான் கைய விட்டுப் பாத்துட்டுத்தான் வாறேன். யாருக்குச் சந்தேகமோ அவங்களும் போய்க் கைய விட்டுப் பாத்துட்டு வந்து சிரிங்க."

அவர் செய்த தைரியமான காரியம் என்றால் என் கணக்கில் அது ஒன்றுதான். சிறுத்தையை விரட்டியதற்குக் கிடைத்த பேரை அந்த ஒரு வார்த்தையில் எல்லார் முன்னாலும் அவிழ்த்துக் கீழே போட்டார். அதற்குப் பிறகு புஷ்பத்தின் குரல், எங்கோ பின்னாலிருந்து எரிச்சலோடு: "எனக்குந்தான் பயம். எம் புள்ளைய அங்க விட மாட்டேன்." பிறகு இன்னொருத்தி. பிறகு இரண்டு மூன்று பேர் சேர்ந்து. எல்லாரும் சொன்னார்கள் என்று நினைக்காதே. பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு மலைக்குப் போனார்கள். தலைவர் கடைசி வரை செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆனால் ஆயம்மா வேலைக்குக் கை தூக்க ஒருத்தியும் வரவில்லை. அன்றைக்கும் அதற்குப் பிறகும் ஒரு குழந்தைகூட அந்தக் கூரைக்கு அடியில் படுக்கவில்லை.

மழை குறைந்த பிறகு நுவரெலியாவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். இளம் வயது சிங்களப் பையன். மேட்டில் ஏறி இறங்கி, அளந்து பார்த்தான். என்னிடம் வந்து அரைகுறைத் தமிழில், "அம்மா, விழும் என்று சொல்ல முடியாது. விழாது என்றும் சொல்ல முடியாது" என்றான். நேர்மையான பையன். பிள்ளைக் காம்பராவை அங்கே வைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த வாசகசாலைக்கு மாற்றினார்கள். அதற்கு ஆயம்மாவாக வேறு ஒருத்தியைப் போட்டார்கள். என்னைக் கொழுந்துக்கு அனுப்பினார்கள், அதுவும் ஆடு ஏறத் தயங்குகிற செங்குத்து மலைக்கு. அட்டைக்குப் பயந்தவள் அட்டைக் காட்டில் போய் நின்றேன்.

இனிதான் யாரும் உனக்குச் சொல்லாத பகுதி. அந்த மேடு விழவில்லை, சுதாகர். அந்த வருசமும் விழவில்லை, அடுத்த வருசமும் விழவில்லை. இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. வெடிப்பில் புல் முளைத்து மூடிவிட்டது. பழைய பிள்ளைக் காம்பராவில் உர மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். "எங்கடி ஒன் மலை? எப்ப வருதாம்?" என்று எத்தனை வருசம் கேட்டார்கள் தெரியுமா? கொழுந்து பறிக்கிற நிரையில் நிற்கும்போது கேட்பார்கள், கடையில் சாமான் வாங்கும்போது கேட்பார்கள். நீ ஒரு நாள் சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்தாய். 'பயந்தாங்கொள்ளி மகன்' என்று எவனோ சொன்னானாம், அடித்துப் புரண்டாயாம். நான் கிழிசலைத் தைத்துக் கொடுத்தேனே தவிர, உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மழைநாளில் கொழுந்து மலையில் நின்றுகொண்டு, அந்த மேடு இப்போது விழுந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். யார் உயிரும் போகாமல், மூட்டைகளின் மேலே மட்டும் விழுந்து, நான் சொன்னது சரி என்று ஊருக்குத் தெரியட்டும் என்று. நினைத்த மாத்திரத்தில் உடம்பு கூசியது. நான் வாசலில் நின்றது சரி என்று காட்டுவதற்கா? குழந்தைகளுக்காகத்தானே? மேடு நிற்கிறதென்றால் எனக்குச் சந்தோசமல்லவா வர வேண்டும்? அன்றைக்கு என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அதற்குப் பிறகு யாராவது "எங்கடி ஒன் மலை?" என்று கேட்டால், "அங்கதான் நிக்குது, நல்லா நிக்கட்டும்" என்று தலையை நிமிர்த்திக்கொண்டே சொல்வேன்.

புஷ்பம் இடுப்பில் வைத்திருந்த அந்தக் குழந்தை இப்போது பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள். நேற்றுக்கூடக் குடையைச் சுழற்றிக்கொண்டு போனாள். அவளைக் காப்பாற்றினேன் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. மேடுதான் விழவில்லையே. ஆனால் அவளை வைத்து யாரும் சூதாட நான் விடவில்லை. அந்தச் சூதில் தொரை வென்றிருப்பார் என்பது பிறகுதானே தெரிந்தது! அன்றைக்கு அவருக்கும் தெரியாது. பந்தயமாக வைக்கப்பட்டது அவருடைய பிள்ளையும் இல்லை. திரும்ப அதே காலை வந்தாலும், மேடு விழாது என்று தெய்வமே இறங்கி வந்து சொன்னாலொழிய, அதே வாசலில் அதே மாதிரி நடுங்கிக்கொண்டு நிற்பேன்.

இப்போது உன் திங்கட்கிழமைக்கு வருகிறேன். உன் வெட்டு விழும் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஒருவேளை அத்திவாரம் தோண்டி, சுவரும் கட்டி, ஓட்டலும் எழும்பி, அதன் பால்கனியில் நின்று யாராவது பனியைப் படம் பிடிக்கலாம். அப்போது கொந்தராத்துக்காரர் உன்னைக் காட்டிச் சிரிப்பார். அதற்கும் தயாராகிக்கொள். நீ சொன்னது சரியாகிவிட்டால்தான் தைரியம், பிழையாகிவிட்டால் கோழைத்தனம் என்று ஊர் சொல்லும். ஊர் முடிவைப் பார்த்துவிட்டுப் பேசுகிறது. நீ முடிவு தெரியாத நேரத்தில் பேச வேண்டியவன். உனக்குக் கீழே நிற்கிற பையன்களுக்கும் பயம் இருக்கும். நீ சிரித்துவிடுவாய் என்று வெட்கப்பட்டு அவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். அவர்களை உன் பெரியம்மா மாதிரி உள்ளே திருப்பி அனுப்பாதே. "எனக்குப் பயமா இருக்கு, நான் இறங்க மாட்டேன், ஒங்களையும் இறங்கச் சொல்ல மாட்டேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல். குரல் உடைந்தால் உடையட்டும். கால் ஆடினால் எதையாவது பிடித்துக்கொள்.

வேலை போனால் கல்யாணம் என்ன ஆகும் என்று யோசிக்கிறாய். மாலதி இன்று காலையில் என்னோடு பேசினாள். நீ அவளிடமும் சொல்லியிருக்கிறாய் போல. "அத்தை, மண்டபம் இல்லாட்டி கோயில்ல தாலி கட்டிக்கலாம். அவங்கள அந்தப் பள்ளத்துல இறங்க மட்டும் விட்றாதீங்க" என்றாள். அவளுடைய அப்பா கொஞ்சம் முறுக்கிக்கொள்வார். முறுக்கட்டும். பயப்படத் தெரிந்த மருமகன் கிடைத்ததற்கு அவர் சந்தோசப்பட வேண்டும். அப்படிப்பட்டவன்தான் அவர் மகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான்.

உன் அப்பா இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். "வீட்டுக்கு வந்திரச் சொல்லி எழுதவாங்க?" என்று கேட்டேன். "வரச் சொல்லாத. நிக்கச் சொல்லு. நின்னு சொல்லிட்டு, பொறகு வேணும்னா வரட்டும்" என்கிறார். நீ உடனே பையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டால் போதும் என்றுதான் எனக்கு இருக்கிறது. ஆனாலும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நீ மட்டும் தப்பி வந்தால் அந்தப் பையன்களை வேறு ஒருவன் இறக்குவான்.

நீ சொல்லி முடித்ததும் ஒரு அமைதி வரும். சிரிப்பாகவும் வரலாம். அவசரப்படாதே. இரண்டாவது ஆள் வாய் திறக்கும் வரை அப்படியே நில். வருவான் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். எனக்கு உன் அப்பா வந்தார், எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. அங்கே ஒருத்தனும் வாய் திறக்காவிட்டால் எனக்கு ஒரு போன் போடு. கிடைக்கிற பஸ்ஸில் ஏறி வருகிறேன். கொந்தராத்துக்காரர் என்ன, அவருக்கு மேலே இருக்கிறவர் வந்து நின்றாலும் சரி, உன் பக்கத்தில் நான் வந்து நின்று, எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்கிறேன்.

அம்மா